கொதிக்க வைக்காத துப்பட்டி

கீழக்கரை
17-2-1956

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். இருமல் இன்னும் விடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கடையில் ஐஸ் போட்ட சர்பத் குடிப்பதை நிறுத்துங்கள் என்று பத்துக் கடிதத்தில் எழுதிவிட்டேன். பெண்டாட்டி சொன்னால் கேட்டுவிடுவீர்களா என்ன?

எழுத்து கோணல்மாணலாக இருப்பதைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். என் கண் முன்னைப்போல் இல்லை. வலது கண்ணில் சுத்தமாகப் புகை மூட்டம். இடது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் உங்கள் தம்பி சதக் வாசலில் வந்து நின்றதும், யாரோ அன்னிய ஆண் என்று பயந்து உள்ளே ஓடினேன். “மச்சி, நான்தான்” என்று அவர் குரல் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. நாற்பத்திரண்டு வயதில் இப்படியா என்று ஊரே கேட்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து டாக்டர் குருநாதன் இங்கே வந்தபோது, என் கூடப்பிறந்த ராத்தா உம்மு ஹபீபா வீட்டில் வைத்துப் பார்த்தார். ராத்தா கூடவே நின்றாள், கோபித்துக்கொள்ளாதீர்கள். புரை முற்றிவிட்டதாம், அறுத்து எடுத்தால் பார்வை திரும்புமாம். “மதுரைக்குப் போங்க தாயி. அங்கன கண்ணுக்குன்னே தனி ஆஸ்பத்திரி, தனி அறை எல்லாம் இருக்கு. இங்கன வீட்டுல வச்சு அறுக்குற காரியமில்ல” என்றார்.

ராத்தாவும் அவள் மாப்பிள்ளை வாவு முகம்மது காக்காவும் துணைக்கு வருவதாகச் சொல்கிறார்கள். உங்கள் உத்தரவு கிடைத்தால் நோன்புக்கு முன்னால் போய்வந்துவிடுவேன். பிள்ளை இல்லாத வீடு. கண்ணும் இல்லையென்றால் நான் யாரை வைத்துக்கொண்டு தடவித் திரிவது?

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
சித்தி ஜுனைதா

கொழும்பு
6-3-1956

என் ஜுனைதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உன் கடிதம் கண்டு ராத்திரி தூக்கம் இல்லை. சதக்கைக் கண்டு ஓடினாய் என்றதும் சிரிப்பு வந்தது, பிறகு மனசு கனத்துவிட்டது. கல்யாணத்தன்று என்னைப் பார்த்த கண் அது. அப்போதே சரியாகப் பார்த்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாய்.

கண்ணை அறுக்க வேண்டும் என்றால் அறுக்கத்தான் வேண்டும். நான் தடுக்கவில்லை. ஆனால் மதுரை வேண்டாம். நம் தெருப் பெண்கள் அடுத்த தெருவுக்குப் போனாலே திரை கட்டிய வண்டியில் போகிறவர்கள். ஊர் பேர் தெரியாதவர்கள் படுத்துப் புரண்ட கட்டிலில் ஹமீது சுல்தான் பெண்டாட்டி பத்து நாள் முகம் திறந்து கிடந்தாள் என்ற பேச்சு உன் கடிதத்துக்கு முன்னால் இங்கே வந்து சேரும். பள்ளிவாசல் கமிட்டியில் நான் எந்த முகத்தோடு உட்காருவேன்?

இங்கே பேப்பரில் ஒரு செய்தி வாசித்தேன். சீமையில் புரையை எடுத்துவிட்டுக் கண்ணுக்குள்ளேயே பொட்டு அளவு ஒரு லென்ஸை வைத்துவிடுகிறார்களாம். சோடாப்புட்டிக் கண்ணாடி மாட்ட வேண்டியதில்லையாம். குருநாதனிடம் அதைக் கேட்டுப் பார். அவர் கேட்பதைக் கொடுக்கிறேன். அவரே நம் வீட்டுக்கு வந்து அறுக்கட்டும். நம் வீட்டைவிடச் சுத்தமான இடம் மதுரையில் எங்கே இருக்கிறது?

உன்
ஹமீது சுல்தான்

கீழக்கரை
25-3-1956

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் சொன்னதை டாக்டரிடம் கேட்கச் சொல்லி வாவு முகம்மது காக்காவை அனுப்பினேன். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். “அந்த லென்சை நான் கண்ணால பாத்ததுகூட இல்ல. கண்ணுக்குள்ள ஒரு பொருளை வைக்கணும்னா அந்த அறைக்குள்ள ஈ நுழையக் கூடாது. வெறும் புரையை எடுக்குறதுக்கே நான் எடத்துக்குப் பயப்படுறேன். கத்தி என் கையில இருக்கும், உங்க வீட்டுத் தூசி யார் கையில இருக்கும்?” என்றாராம்.

கட்டாயம் வீடுதான் என்றால், உள்ளறையில் சுண்ணாம்பு அடித்துப் பத்து நாள் காயவிட வேண்டும். பாய், ஜமுக்காளம், திரைச்சீலை எதுவும் இருக்கக் கூடாது. சாம்பிராணி போடக் கூடாது. அவரையும் கம்பவுண்டரையும் தவிர ஓர் ஆள்தான் உள்ளே இருக்கலாம். என் மேல் படுகிற துணி எல்லாம் அவர் வேகவைத்துக் கொண்டுவரும் துணியாக இருக்க வேண்டும். இத்தனையும் செய்தாலும் பாதிதான் நம்பலாம், மதுரை என்றால் முழுசாக நம்பலாம் என்றாராம்.

மச்சான், ஒன்று சொல்கிறேன். ராத்தா ஆலிம்சாவிடம் ஆள்விட்டுக் கேட்டாள். வைத்தியத்துக்காக முகம் காட்டினால் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். மார்க்கமே விட்டுக்கொடுக்கிறது, நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கக் கூடாதா? பாதிக் கண்ணை நம்பிப் படுக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

கடைசி முடிவு உங்களுடையதுதான். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

சித்தி ஜுனைதா

கொழும்பு
20-5-1956

என் ஜுனைதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். பெருநாள் நல்லபடி கழிந்ததா? நீ அவித்துக் கொடுக்கும் வட்டிலப்பம் இல்லாத பெருநாள் எனக்குப் பெருநாளே இல்லை.

ஆலிம்சா சொல்வார். போய்ப் படுக்கப் போவது அவர் வீட்டுப் பெண்ணா? வீட்டில்தான் நடக்க வேண்டும். முடிவாகச் சொல்லிவிட்டேன். ஜூலை 21 சனிக்கிழமை நல்ல நாள். சதக் உள்ளே நிற்பான். டாக்டர் சொன்ன சுண்ணாம்பு, கழுவல் எல்லாம் செய்யுங்கள். ஒன்றை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பத்திரித் துணியில் யார் ரத்தம் பட்டதோ, எந்தச் சவத்தின் மேல் கிடந்ததோ. அதை உன் முகத்தில் போடவிட மாட்டேன். தேக்குப் பெட்டியில் உன் கல்யாணத் துப்பட்டி இருக்கிறதே, ஓதி ஊதி, அத்தர் தடவி, ஒரு நாள்கூடப் போர்த்தாமல் வைத்தது. அதைவிடப் பாக்கான, சுத்தமான துணி உலகத்தில் உண்டா? அதில் கண் அளவுக்கு வெட்டி அதைப் போடச் சொல்லி சதக்குக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். கண்ணைத் தவிர உன் நெற்றிகூட அந்த டாக்டர் பார்வையில் படாது.

அன்றைக்கு நாற்பது பேருக்கு நெய்ச்சோறு ஆக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். பயப்படாதே. நான் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்.

உன்
ஹமீது சுல்தான்

கீழக்கரை
9-8-1956

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சொல்லச் சொல்ல ராத்தா எழுதுகிறாள். அழுதுகொண்டே எழுதுகிறாள், எழுத்து கலைந்திருந்தால் அவளைத்தான் கேட்க வேண்டும்.

என் வலது கண் போய்விட்டது. சதக் உங்களுக்கு எப்படி எழுதினாரோ தெரியாது, நடந்ததை என் வாயால் சொல்கிறேன்.

அறையை டாக்டர் சொன்னபடி வைத்திருந்தோம். கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் நம் அடுப்பங்கரையில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தார். நான் படுத்ததும், நடுவில் ஓட்டை உள்ள வெள்ளைத் துணியை முகத்தில் போட்டார். முகம் முழுக்க அதிலேயே மறைந்துவிட்டது. கண் மரத்துப்போக ஊசியும் போட்டாயிற்று. அப்போதுதான் சதக் துப்பட்டியோடு கிட்டே வந்தார்.

“டாக்டரய்யா, அந்தத் துணியை எடுத்துருங்க. கொழும்புலேருந்து காக்கா இதைத்தான் போடச் சொல்லிருக்காக.”

“கிட்ட வராதப்பா! தொடாத!” என்று டாக்டர் கத்தினார். அதற்குள் துப்பட்டி என் மேல் விழுந்துவிட்டது. அதன் முனை தட்டில் இருந்த கத்திகள்மேல் புரண்டது. அத்தர் வாடை மூச்சை அடைத்தது. டாக்டர் அதை இழுத்து எறிந்தார். “எல்லாம் கெட்டுப்போச்சு. இன்னைக்கு வேணாம், இன்னொரு நாள் வாரேன்” என்றார்.

“நாப்பது பேருக்குச் சோறு எறக்கி வச்சிருக்கு. காக்காவுக்கு நான் என்னன்னு எழுதுறது? கத்தியை வேணா இன்னொரு கொதி விட்டுக்கிருங்க” என்று சதக் அவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார். என் தலைக்கு மேலே இருவரும் பேசிக்கொண்டார்கள். ஊசி போட்டது கண்ணுக்குத்தான், வாய்க்கு இல்லை. இருந்தும் வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆண்கள் பேசும்போது குறுக்கே பேசிப் பழக்கமில்லை. கடைசியில் டாக்டர் கத்தியைப் பத்து நிமிஷம் கொதிக்க விட்டுவிட்டு அறுத்தார்.

மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தபோது சீழ். ஒரு மாதிரி வலியா அது? பிள்ளை பெற்றவர்கள் சொல்லும் வலியை நான் அறியேன், அதைவிட இது பெரிது என்று ராத்தாவே சொன்னாள். கண் உள்ளே சுருங்கிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். “அன்னைக்கு நான் கத்தியைக் கீழ வச்சிட்டுப் போயிருக்கணும் தாயி” என்று என் முன்னால் உட்கார்ந்து அழுதார்.

உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் தேவலை.

சித்தி ஜுனைதா
(எழுதியது: உம்மு ஹபீபா)

கொழும்பு
30-8-1956

அன்பு மனைவி சித்தி ஜுனைதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இவ்விடம் அனைவரும் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். நிற்க, 9-ம் தேதியிட்ட கடிதம் கிடைத்து விபரம் அறிந்தேன். மிக்க வருத்தம் அடைந்தேன். இது ஆண்டவன் நாட்டப்படி நடந்தது. நம் கையில் எதுவும் இல்லை. கைராசி இல்லாத டாக்டரிடம் போனதால் வந்த வினை. சதக்கைக் குறை சொல்வதில் பிரயோஜனமில்லை, அவன் சொன்னதைச் செய்தவன். இனி அந்த டாக்டரை வீட்டில் சேர்க்க வேண்டாம். மற்றக் கண்ணை யாரிடமும் காட்டவும் வேண்டாம். விசா கிடைத்ததும் நேரில் வந்து முடிவு செய்கிறேன்.

கண்ணில் வலி எப்படி இருக்கிறது? தூங்க முடிகிறதா? உடன் எழுதவும்.

இப்படிக்கு,
ஹமீது சுல்தான்

கீழக்கரை
11-1-1959

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வழக்கம்போல் ராத்தாதான் எழுதுகிறாள். விசா வரும், விசா வரும் என்று இரண்டரை வருடம் போய்விட்டது. அக்கரைக் கப்பலில் ஊர் ஆட்கள் எல்லாம் வந்து போகிறார்கள். உங்களுக்கு மட்டும் விசா ஆபீஸில் என்ன பகையோ.

இடது கண்ணும் மூடிவிட்டது. இப்போது பகலும் இரவும் தெரிகிறது, அவ்வளவுதான். அடுப்பில் பால் பொங்குவதை வாசனையில் தெரிந்துகொள்கிறேன். நேற்று தொழுகைப்பாயைத் திசை மாற்றி விரித்துத் தொழுதிருக்கிறேன். ராத்தா வந்து தோளைப் பிடித்துத் திருப்பினாள். நேற்று அழுததுபோல் நான் என்றும் அழுததில்லை.

இருப்பது ஒரே கண். இதை வீட்டில் வைத்து அறுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நீங்கள் சொன்னதை ஒருமுறை கேட்டேன். இந்த ஒருமுறை நான் சொல்வதை நீங்கள் கேளுங்கள். என்னை மதுரைக்கு அனுப்புங்கள்.

சித்தி ஜுனைதா
(எழுதியது: உம்மு ஹபீபா)

கொழும்பு
2-2-1959

அன்பு மனைவி சித்தி ஜுனைதாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இவ்விடம் நலம். அவ்விடம் நலமறிய ஆவல். நிற்க, 11-ம் தேதி கடிதம் கிடைத்தது. மதுரைக்குப் போக அனுமதி இல்லை. இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. நான் ஊர் வரும் வரை பொறுத்திருக்கவும். என் சொல்லை மீறி ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால், அதன் பிறகு நான் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன். நம் இருவருக்கும் உள்ள உறவு அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளவும். இது உறுதி.

வெளிச்சம் தெரிகிற வரை நம்பிக்கை உண்டு என்று இங்கே ஒரு டாக்டர் சொன்னார். மனம் விட வேண்டாம். கண் எப்படி இருக்கிறது என்று எழுதவும்.

இப்படிக்கு,
ஹமீது சுல்தான்

கீழக்கரை
24-5-1959

ஹமீது சுல்தான் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இது ராத்தா எழுத்து இல்லை, என் எழுத்து. மூன்று வருடம் பேனா பிடிக்காத கை என்பதால் எழுத்து பெரிது பெரிதாக வருகிறது.

நோன்பு முடிந்து ஏழாம் நாள் மதுரைக்குப் போனேன். ராத்தாவும் வாவு முகம்மது காக்காவும் கூட வந்தார்கள். அந்த அறையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது பார்வை இல்லை, அதனால் கையும் மூக்கும் கண்டதைச் சொல்கிறேன். சுவரைத் தொட்டேன், வழவழவென்று ஓடு பதித்திருந்தது. பாய் இல்லை, திரை இல்லை, ஒரு மருந்து நெடியைத் தவிர வாடை இல்லை. நெய்ச்சோறும் இல்லை. நர்ஸம்மா என் பேரைக் கேட்டாள், எந்தக் கண் என்று கேட்டாள், பிறகு “யாரும் உள்ள வர மாட்டாங்க, பயப்படாதீங்கம்மா” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக மூன்று வருடம் இருட்டில் காத்திருந்தேன்.

அங்கேயும் முகத்தில் துணிதான் போட்டார்கள், இன்னும் சூடு ஆறாத துணி. ஓட்டை வழியாகக் கண் மட்டும்தான் வெளியே. என் நெற்றியைக்கூட எவரும் பார்க்கவில்லை. நீங்கள் எந்தக் கவுரவத்துக்காக என் வலது கண்ணைக் கொடுத்தீர்களோ, அது அந்த ஆஸ்பத்திரியில் கேட்காமலே கிடைத்தது.

போன வியாழக்கிழமை கண்ணாடி கொடுத்தார்கள். சோடாப்புட்டிதான். அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? உங்கள் கடிதங்களை எடுத்து உட்கார்ந்தேன். ராத்தா வாசித்துக் கேட்டவற்றை என் கண்ணால் வாசிக்க ஆசை.

56 ஆகஸ்டு கடிதத்தைப் பிரித்ததும் வேறு யாருடைய கடிதமோ என்று நினைத்தேன். அது உங்கள் எழுத்து இல்லை. அடுத்ததும் இல்லை. முப்பத்தோரு கடிதம். ஒன்றுகூட உங்கள் எழுத்து இல்லை. கையெழுத்துகூட எழுதியவரே போட்டிருக்கிறார். ராத்தா உங்கள் எழுத்தை அதற்குமுன் பார்த்ததில்லை, அவளுக்கு எப்படித் தெரியும்? சதக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். “இது கணக்கப்பிள்ளை பொன்னுச்சாமி எழுத்துதான் மச்சி. கடைக் கணக்குச் சீட்டெல்லாம் இந்த எழுத்துலதான் வரும்” என்றார். முதுகுளத்தூர்க்காரராம், உங்கள் கடையில் நாலு வருடமாக இருக்கிறாராம்.

முதலில் உங்களுக்காகவே ஒரு நியாயம் தேடினேன். வெட்கப்பட்டு, என் கண் போனதை உங்கள் கையால் எழுத முடியாமல் அவர் கையில் பேனாவைக் கொடுத்தீர்கள் என்று நினைத்தேன். அப்படி இருந்திருந்தால் மன்னித்திருப்பேன். ஆனால் சதக் தன் வீட்டிலிருந்து ஒரு கட்டுக் கடிதம் கொண்டுவந்தார். அதே மூன்று வருடத்தில் அவருக்கு நீங்கள் எழுதியது பதினொன்று. எல்லாம் உங்கள் கை. மீன் விலை கேட்டிருக்கிறீர்கள், பள்ளிவாசல் தேர்தல் கேட்டிருக்கிறீர்கள். என் கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை. என்னால் பார்க்க முடியாது, அதனால் யார் எழுதினால் என்ன என்று இருந்துவிட்டீர்கள்.

என் முகத்தை ஒரு டாக்டர் பார்க்கக் கூடாது. சீழ் வைத்து நான் துடித்ததைக் கடைக் கணக்கப்பிள்ளை படிக்கலாமா? தொழுகைப்பாயைத் திசைமாறி விரித்து அழுததை அவர் படிக்கலாமா? உறவு முடிந்தது என்று எழுதினீர்களே, அதற்காவது நீங்கள் பேனா எடுத்திருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் இந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றீர்கள். நம் ஊர் வழக்கப்படி இது என் வாப்பா எனக்குக் கொடுத்த வீடு, நீங்கள் மாப்பிள்ளையாக வந்து இருந்தீர்கள். உங்கள் சொல்லை நீங்கள் காப்பாற்ற நானும் உதவ வேண்டும் அல்லவா? உங்கள் துணிமணி, பிரம்பு நாற்காலி எல்லாவற்றையும் சதக் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். ஊர் வந்தால் அங்கே இறங்குங்கள். முறைப்படி ஜமாஅத்தில் விலக்கு எழுத வேண்டியதை வாவு முகம்மது காக்கா பேசுவார்.

இந்தக் கடிதத்தையும் பொன்னுச்சாமிதான் பிரித்து உங்களுக்குப் படித்துச் சொல்வார் என்று நினைக்கிறேன். அதனால் இனி அவருக்கு எழுதுகிறேன்.

அய்யா பொன்னுச்சாமி, ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் வலி இருக்கிறதா, தூங்க முடிகிறதா, கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இருந்தது. முதலாளி சொல்லி எழுதியதில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த வரிக்காகத்தான் நான் ஒவ்வொரு கடிதத்தையும் ராத்தாவை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதாமல் இருப்பது முறையில்லை. வலி இல்லை. நன்றாகத் தூங்குகிறேன். இடது கண் தெரிகிறது.

சித்தி ஜுனைதா